மகளின் கட்டிலுக்கு மேலே சொட்டிய தண்ணீர்

பலெர்மோ நகரத்துக்கு வெளியே, சியாகுல்லியில் மண்டரின் தோடை மரங்களுக்கு நடுவே நாங்கள் ஒரு கோடை முழுவதும் குடியிருந்தது ரூலோட் ஒன்றில். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் சக்கர வீட்டுக்கு இத்தாலியில் அதுதான் பெயர். எங்களிடம் வந்தபோது அதை இழுக்கக் கார் இல்லை, சக்கரங்களில் காற்றும் இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகளுக்கு நான்கு வயது.

அதற்கு முன் நகரத்துக்குள் போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்புறம், தெருமட்டத்தில் ஓர் அறையில் இருந்தோம். ஒரே ஒரு ஜன்னல். சுவரின் கீழ்ப்பாதி எந்தக் காலத்திலும் காய்ந்ததில்லை, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். மீன்காரர் கடை கட்டும்போது கொட்டும் ஐஸ் தண்ணீர் எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் ஓடும். மகளுக்குத் தொய்வு தொடங்கியது அந்த அறையில்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு மெல்லிய விசில் சத்தம் வரும். ஈரமும் கூடாது, தூசியும் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்தத் தெருவில் இந்த இரண்டும் இல்லாத ஓர் இடத்தை எங்கே தேடுவது?

நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, சின்யோராவிடம் இதைச் சொல்லி அழுதிருக்கிறேன். அவவின் தம்பிக்குச் சியாகுல்லியில் தோட்டம் இருந்தது. மரங்களுக்குத் தண்ணீர் விட, பம்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. வெக்கை தாங்காத மனைவியோடு ஊர் சுற்றுவதற்காக அவர் ஒரு காலத்தில் வாங்கிய ரூலோட், அவ இறந்த பிறகு தோட்டத்து மூலையில் சும்மா நின்றது. கூரைக்கு மேல் ஒரு பெட்டிபோல ஏசி பூட்டியிருந்தது. என் கணவர் தோட்ட வேலையைப் பொறுப்பெடுத்தால் நாங்கள் அதில் இருக்கலாம் என்றார். இரண்டு பைகள், ஒரு சமையல் பெட்டி, சாமிப்படங்கள் இவற்றோடு நாங்கள் போய் இறங்கினோம்.

அதை நிறுத்தி வைத்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்து ஊர் பகேரியாவில் வேலை செய்த கணவரின் சிநேகிதர்கள் இரண்டு பேர் ஜாக்கியும் கையுமாக வந்திருந்தார்கள். சக்கரங்களைக் கழற்றி, நான்கு மூலைக்கும் கல் அடுக்கி வைப்பதுதான் வேலை. எப்படி வைப்பது என்பதில் விவாதம் தொடங்கியது. எங்களுக்கு வீடு கூட்டுவது என்றால் வாளியால் தண்ணீர் ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்து, வாசலால் தள்ளிவிடுவது. ஊரில் நிலம் போடும் மேசன் அதற்கென்றே வாசல் பக்கம் சரிய வாட்டம் வைத்துக் கட்டுவார். இதற்கும் அப்படி வாட்டம் வேண்டும் என்று என் கணவர் சொன்னார். மற்ற இருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

"தண்ணி ஓடாத வீடு வீடே, மச்சான்? பின்பக்கத்தை நல்லா உயர்த்திப் போடு," என்றார் ஒருவர்.

பின்பக்கத்துக்கு ஒரு கல்லைக் கூட்டி, வாசல் பக்கத்தில் ஒரு கல்லைக் குறைத்தார்கள். பிறகு என்னை வாளியோடு உள்ளே அனுப்பினார்கள். நான் ஊற்றிய தண்ணீர் நிலத்தில் விரிந்து, வாசலைக் கண்டுபிடித்து, படியால் இறங்கி, மண்ணில் போய்ச் சேர்ந்தது. மூன்று பேரும் கை தட்டினார்கள். பலெர்மோவுக்கு வந்த பிறகு எனக்கென்று ஒரு வீடு கிடைத்தது என்று நான் நினைத்தது அந்த வாளித் தண்ணீர் வெளியே ஓடிய நேரத்தில்தான்.

முதல் மாதம் போல ஒரு மாதம் பிறகு எங்களுக்கு வாய்க்கவில்லை. விடிய முதல் கணவர் பம்பைப் போடுவார். தண்ணீர் வாய்க்காலால் வந்து மரத்துக்கு மரம் நின்று போகும். மகள் செருப்பில்லாமல் அதோடு கூடவே நடப்பாள். நான் பஸ் பிடித்து நகரத்துக்கு வேலைக்குப் போய், பின்னேரம் திரும்பும்போது தோட்டத்து வேலியடியில் இருவரும் நிற்பார்கள். அவளுடைய காலில் சேறு காய்ந்து வெள்ளையாகியிருக்கும். நான் முதலில் செய்வது குனிந்து அவளுடைய நெஞ்சில் காதை வைப்பதுதான். விசில் சத்தம் இல்லை. ஒவ்வொரு நாளும் இல்லை.

பிறகு சிரோக்கோ வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலைத் தாண்டி வரும் சுடுகாற்று அது. வானம் மஞ்சளாகி, மரத்திலை எல்லாம் புழுதியாகி, வாயில் மண் கடிபடும். தூசிக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தினோம். சாத்தினால் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்க முடியாது. எனவே கூரையில் இருந்த ஏசியைப் போட்டோம். பல வருடம் ஓடாமல் இருந்தது, இருமி இருமித்தான் தொடங்கியது. ஆனால் குளிர்ந்த காற்று வந்தது. மகள் அதன் நேர்கீழே இருந்த கட்டிலில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கினாள். சுவரோடு பூட்டிய கட்டில் அது, நகர்த்த முடியாது.

சில நாள் போயிருக்கும். மத்தியானத் தூக்கத்தில் இருந்து எழும்பி வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"அம்மா, உள்ளுக்கை பியோவே."

மழை பெய்கிறது என்பதை அவள் எப்போதும் இத்தாலியனில்தான் சொல்வாள். வெளியே ஒரு துண்டு மேகம் இல்லை. கனவு கண்டிருப்பாள் என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். தலையணையில் பெரிய வட்டமாக ஈரம். அண்ணாந்து பார்த்தேன். ஏசியின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, பாரமாகி, விழுந்தது.

சின்யோராவின் தம்பி வந்து பார்த்துவிட்டு, கூரையும் ஏசியும் சேரும் இடம் பழசாகிவிட்டது, அதுதான் ஒழுகுகிறது என்று சொல்லி ஒரு சிலிக்கோன் குழாயைக் கொடுத்தார். என் கணவர் ஏணி வைத்து ஏறி, ஏசியின் அடியைச் சுற்றி ஒரு நூல் இடைவெளி விடாமல் பூசினார். அழகாகத்தான் பூசியிருந்தார். அடுத்த நாள் துளி போய்த் தாரையானது.

கட்டிலில் பிளாஸ்டிக் விரித்தோம். அதன் மேல் துவாய், துவாயின் மேல் ஒரு கிண்ணம். மகளைக் கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் படுக்க வைத்தோம். ஏசியை நிறுத்தினால் வெக்கையும் தூசியும், போட்டால் ஈரம். இரண்டுக்கும் நடுவில் அதைப் போடுவதும் நிறுத்துவதுமாக நாள் போனது. வேலை செய்யும் வீட்டில் நின்றபடி நான் கிண்ணத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் அவள் தூக்கத்திலிருந்து எழும்பி இருந்தாள். அழவில்லை, அழுவதற்கு மூச்சு இருக்கவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. கணவர் தோட்டத்து மூன்று சக்கர வண்டியை எடுத்தார். உரப் பைகள் ஏற்றும் பின்பெட்டியில் நான் அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தேன். ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். பிறகு அவளுக்கு எத்தனையோ முறை சளி பிடித்திருக்கிறது, காய்ச்சல் வந்திருக்கிறது, அவள் பிள்ளை பெற்றதுகூட நான் பக்கத்தில் நிற்கத்தான். ஆனால் அந்த உதட்டின் நிறம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மூக்கில் குழாய் வைத்து, மருந்துப் புகை பிடித்து, அவளுக்கு நிறம் திரும்பிய பிறகு டாக்டர் கேட்டது ஒன்றுதான். பிள்ளை படுக்கும் இடத்தில் பூஞ்சணம் ஏதும் இருக்கிறதா? இல்லை என்று நான் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கைத் தூக்கி, மெத்தையைப் புரட்டினேன். தண்ணீர் பிளாஸ்டிக்கின் ஓரத்தால் இறங்கி அடியில் போய் நின்றிருக்கிறது. மெத்தையின் கீழ்ப்பக்கம் முழுவதும் கறுப்பு.

என் கணவருக்கு ஜேர்மனியில் ஓர் அக்கா. அகதியாகப் போய், அந்த வருடம்தான் பயணம் செய்யக்கூடிய பத்திரம் கிடைத்திருந்தது. பிள்ளைகள் இல்லை. காய்ந்த, சூடான வீடு, பக்கத்திலேயே டாக்டர். எங்கள் ஆட்கள் பலர் அந்தக் காலத்தில் பிள்ளைகளை இப்படிச் சொந்தத்திடம் விட்டிருந்தார்கள். சிலர் ஊருக்கே அனுப்பிவிட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த நாள் கணவர் டெலிபோன் பெட்டிக்குப் போய் அக்காவோடு கதைத்துவிட்டு வந்தார். ஓகஸ்ட் கடைசியில் அவ வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவா என்று சொன்னார். என்னிடம் கேட்கவில்லை. நான் கோபித்து ஒன்றும் சமைக்காமல் இருந்தேன். பிறகு அவர் வந்து படியில் இருந்தார்.

"நான் என்ன, பிள்ளையைத் தூக்கியா குடுக்கிறன்? அவள் மூச்சு விடட்டும் எண்டுதானே அனுப்புறன்."

"ஒழுகாமல் பண்ணினால்?"

"எப்பிடிப் பண்ணப்போறீர்?"

"பண்ணினால் பிள்ளை நிக்குமோ, நிக்காதோ? அதைச் சொல்லுங்கோ."

"அக்கா வந்து பாக்கட்டும். காஞ்ச கட்டில் எண்டு அவ சொன்னால் நிக்கட்டும்," என்றார்.

நான் ஊரில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள். பலெர்மோவில் அது கண்ணாடி துடைக்கவும் வெள்ளி தேய்க்கவும்தான் உதவியிருக்கிறது. இப்போது அதைக் கையில் எடுத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். மகளை அந்த நாட்களில் சின்யோராவின் வீட்டிலேயே என்னோடு படுக்க வைத்தேன். சின்யோரா மறுக்கவில்லை, ஆனால் அது எத்தனை நாளைக்கு நடக்கும்?

முதலில் ஏசியை நிறுத்திவிட்டு, கணவரைக் கூரையில் ஏற்றி, அதைச் சுற்றி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். நான் உள்ளே கட்டிலில் இருந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு துளி இல்லை. ஆக, கூரை ஒழுகவில்லை. ஏசி ஓடினால்தான் தண்ணீர் வருகிறது என்றால் அந்தத் தண்ணீர் ஏசிக்குள்ளேயே பிறக்கிறது. குளிர்ந்த போத்தலின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய் வியர்க்கிறது. வியர்த்த தண்ணீர் ஒரு தட்டில் விழுந்து, எங்கேயோ ஒரு துளையால் கூரைக்குப் போக வேண்டும். அந்தத் துளை எங்கே?

கணவர் மூடியைக் கழற்றித் தேடினார். துளை பின்பக்கத்தில் இருந்தது. எங்கள் சிலிக்கோன் அதை அப்படியே அடைத்திருந்தது. கத்தியால் கிளறியதும் உள்ளே நின்ற தண்ணீர் சீறி அவருடைய கையை நனைத்தது. மேலே இருந்து அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு உள்ளே இருந்த வலைத்தட்டைக் கழற்றினேன். காற்றை வடிகட்டும் அந்த வலையைத் தொட்டதும் விரல் ஒட்டிக்கொண்டது. மூடிய ரூலோட்டுக்குள் நான் தாளித்த கடுகு, பொரித்த மிளகாய், வெள்ளிக்கிழமைகளில் போட்ட சாம்பிராணி, எல்லாம் பசை போலப் படிந்திருந்தன. சின்யோராவின் தம்பி அதை மணந்து பார்த்துவிட்டு, இந்த இயந்திரத்துக்கு இனி எங்கள் சமையல் தெரியும் என்றார். காற்றுப் போகாமல் குழாயில் பனிக்கட்டி பிடித்து, அது உருகியும் தண்ணீர் வந்திருக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். அடுப்பை வெளியே மரத்தடிக்கு மாற்றினேன், சாம்பிராணியையும் வெளியே கொண்டுபோனேன்.

தாரை நின்றது. துளி நிற்கவில்லை. ஏசி கொஞ்ச நேரம் ஓடும்வரை பேசாமல் இருக்கும், பிறகு விளிம்பில் ஒன்று திரளும். கணவர் அதைப் பார்த்துவிட்டு வெளியே போவார். அக்கா புறப்படும் நாள் கிட்டி வந்தது. நான் இரவும் பகலும் அந்தத் துளியோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

மறுபடி சிரோக்கோ அடித்த ஒரு மத்தியானம் வெளியே அடுப்பு மூட்ட முடியவில்லை. ஒரு முட்டை பொரிக்க மட்டும் உள்ளே வந்தேன். சட்டியில் எண்ணெய் விட்டேன். எண்ணெய் வாசல் பக்க ஓரத்தில் போய் ஒதுங்கி நின்றது. முன்பும் அது அப்படித்தான் நிற்கும், நான் கை வாக்கில் சட்டியைத் திருப்பிக்கொண்டிருப்பேன். வெளியே மட்டமான கல்லில் சமைத்துப் பழகிய பிறகு அது என் கண்ணில் பட்டது. அடுப்பை அணைத்தேன். முட்டை கையிலேயே இருந்தது. எண்ணெய் வாசல் பக்கம் போனால் மேலே தட்டில் இருக்கும் தண்ணீரும் வாசல் பக்கம்தானே போகும்? துளையோ பின்பக்கத்தில் இருக்கிறது.

தோட்டத்துக்குள் ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டார். வாட்டம் அவர் ஆசைப்பட்டு வைத்தது.

"வாட்டத்தை எடுத்தால் கழுவிற தண்ணி எப்பிடி வெளியாலை போகும்?"

"போகாட்டி நான் துணியாலை துடைக்கிறன். உங்கடை வாட்டம் கீழை இருக்கிற தண்ணிக்கு. பிள்ளையின்ரை மேலை விழுறது மேலை நிக்கிற தண்ணி."

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார். இம்முறை சிநேகிதர்களைக் கூப்பிடவில்லை. ஒரு கல்லை இங்கே எடுத்து, ஒரு கல்லை அங்கே வைத்து, அடுப்பில் இருந்த சட்டி எண்ணெய் இம்மியளவு பின்பக்கம் சாயும்வரை இருவரும் மாறி மாறி உள்ளே போய்ப் பார்த்தோம். பிறகு ஏசியைப் போட்டுவிட்டு நான் வெறும் கட்டிலில் இருந்தேன். இருட்டுப்படும்வரை இருந்தேன். வெளியே, ரூலோட்டின் பின்சுவரால் தண்ணீர் ஒழுகி மண்ணில் சொட்டும் சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. கறுத்த மெத்தையைக் கணவர் கொண்டுபோய் எரித்தார். பலகையை வினாகிரி போட்டுத் துடைத்து, வெயிலில் காய விட்டு, சந்தையில் புது மெத்தை வாங்கிப் போட்டு, மகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

கணவரின் அக்கா, என் மச்சாள், ரயிலில் வந்து இறங்கினா. நான் பயந்ததுபோல அவ கண்டிப்பான ஆள் இல்லை. மகளைக் கண்டதும் நிலத்தில் குந்தி இருந்து அவளுடைய உயரத்துக்கு வந்து கதைத்தா. பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் குளிர்ச் சட்டையை எடுத்தா. சிவப்பு, தொப்பி வைத்தது. அந்த வெக்கையில் மகள் அதைப் போட்டுக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று தோட்டமெல்லாம் திரிந்தாள். அளவு சரியாக இருந்தது. எவ்வளவு நாளாக யோசித்து வாங்கியிருப்பா என்று நினைத்தேன், அவவில் கோபப்படவும் முடியவில்லை.

வந்த அடுத்த நாள் காலையில் நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்க, மச்சாள் ஒரு வாளி தண்ணீரை ரூலோட்டுக்குள் ஊற்றிவிட்டா. விளக்குமாற்றால் தள்ளித் தள்ளிப் பார்த்தா. தண்ணீர் வாசலுக்குப் போகாமல் பின்பக்கம் குளமாக நின்றது.

"என்னடா தம்பி, இது ஒரு வாட்டமும் இல்லாமல் கிடக்கு," என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தா. "வாசல் பக்கம் ஒரு கல்லை எடுத்துவிட்டால் தண்ணி தன்பாட்டிலை போகுமே. ஊரிலை நீ பாக்கேல்லையே?"

நானும் அவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். படியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மச்சாள் விளக்குமாற்றோடு வாசலில் வந்து நின்று, இந்த இரண்டுக்கும் விசர் பிடித்துவிட்டதோ என்ற மாதிரிப் பார்த்தா. நான் கதையை முதலில் இருந்து சொன்னேன். உதட்டின் நிறம் வந்த இடத்திலிருந்து மிச்சத்தை அவர் சொன்னார்.

மச்சாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஏசியைப் போடச் சொல்லி, மகளைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு அதே கட்டிலில் படுத்தா. நான் வெளியே இருந்தேன். பாத்திரம் கழுவினேன், கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். வெயில் சாய்ந்த பிறகு அவ எழும்பி, மெத்தையின் அடியில் கையை விட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினதை ஜன்னலால் பார்த்தேன். பிறகு வெளியே வந்து, ரூலோட்டின் பின்பக்கம் போய், சுவரால் வழியும் தண்ணீரில் கையை நீட்டினா.

"இதுதானே உள்ளுக்கை விழுந்தது?"

"ஓம் மச்சாள்."

கையைச் சேலையில் துடைத்தா. முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"எனக்கு ஆசைதான், மச்சாள். அறை எல்லாம் அடுக்கி வைச்சிட்டுத்தான் வந்தனான். ஆனால் நீர் இவ்வளவு பாடுபட்டு வைச்சிருக்கிறீர். பிள்ளை இஞ்சையே நிக்கட்டும்."

அவவின் கையைப் பிடித்தேன். அது இன்னும் ஈரமாக இருந்தது.

அவ போன நாள் ஸ்டேஷனில் மகள் மாமியோடு ரயிலில் ஏறி, இருக்கையில் ஒரு தரம் துள்ளிப் பார்த்துவிட்டு இறங்கினாள். மச்சாள் ஜன்னலருகே இருந்து கையசைத்தா. வண்டி நகரத் தொடங்கியது. எல்லாம் முடிவான பிறகும், எல்லாருக்கும் தெரிந்த பிறகும், நான் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"அம்மா, நோகுது," என்றாள்.

கடைசிப் பெட்டி மேடையைத் தாண்டிய பிறகுதான் பிடியைத் தளர்த்தினேன். முழுவதும் விடவில்லை.